புகாரும் விசாரணையும்: அரசுப் பணியில் நீதி கேட்கும் முறை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறேன். புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவும் பள்ளிவாசல் பராமரிப்பும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு வேறொரு பொருளைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் கேட்டுக் கொண்டார்கள். நம் பிள்ளைகளில் சிலர் இன்று அரசுப் பணிகளில் இருக்கிறார்கள். காவல்துறை, பள்ளிக்கூடம், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், வட்டாட்சியர் அலுவலகம் என்று பல இடங்களில் ஊழியம் செய்கிறார்கள். இன்னும் பலர் வந்தவாசியிலும் செஞ்சியிலும் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கிறார்கள். பணியிடத்தில் தாம் பாரபட்சமாக நடத்தப்படுவதாக இவர்களில் யாரேனும் முறையிட்டால் என்ன செய்வது? அந்த முறையீடு எப்படி விசாரிக்கப்பட வேண்டும்? மார்க்கம் என்ன சொல்கிறது? நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? இவற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இத்தகைய வேளைகளில் நம்மவர்களிடம் இரண்டு விதமான போக்குகளைக் காண்கிறோம். ஒரு சாரார், "நமக்கு இதுதான் விதி" என்று வாயை மூடிக்கொண்டு மனம் புழுங்கிக் கிடக்கிறார்கள். மற்றொரு சாரார், நடந்தது என்னவென்று முழுவதும் அறியுமுன்பே, "முஸ்லிம் என்பதால்தான் இப்படிச் செய்து விட்டார்கள்" என்று தேநீர்க் கடையிலும் கடைத்தெருவிலும் பேசத் தொடங்கி விடுகிறார்கள். முதல் சாரார் அநீதிக்கு இடம் கொடுக்கிறார்கள். இரண்டாவது சாரார் தாங்களே ஓர் அநீதியைச் செய்துவிடக் கூடிய அபாயத்தில் இருக்கிறார்கள். மார்க்கம் காட்டும் வழி இவ்விரண்டிற்கும் நடுவில் செல்லும் நேரான வழியாகும்.

சகோதரர்களே! ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும், அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வரக்கூடாது என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது சூரத்துல் மாயிதாவின் எட்டாவது வசனம் தரும் எச்சரிக்கை. நமக்கோ, நம் பெற்றோருக்கோ, நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சாட்சியத்தில் நேர்மை வேண்டும் என்பது சூரத்துந் நிஸாவின் நூற்று முப்பத்தைந்தாவது வசனம் விதிக்கும் கடமை. ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டிற்கு நீதிபதியாக அனுப்பிய போது, இரு தரப்பினரில் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம், மற்றவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இன்று நீதிமன்றங்களில் இயற்கை நீதி என்று வழங்கப்படும் கோட்பாட்டின் சாரம் இதுவேயாகும்.

அரசு அதிகாரியின் மீது வந்த புகார் ஒன்று எவ்வாறு விசாரிக்கப்பட்டது என்பதற்கு நம் வரலாற்றில் அழகான சான்று உண்டு. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலம். கூஃபா நகரின் ஆளுநராக ஹழ்ரத் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் இருந்தார்கள். சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் அவர்கள். அப்படிப்பட்டவர் மீது கூஃபாவாசிகள் புகார் கொடுத்தார்கள். அவருக்குச் சரியாகத் தொழுவிக்கத் தெரியவில்லை என்பதும் அப்புகாரில் ஒன்று. "ஸஅத் யார் என்று எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கலீஃபா அவர்கள் புகாரைத் தள்ளி வைக்கவில்லை. முதலில் ஸஅத் (ரலி) அவர்களையே அழைத்து விளக்கம் கேட்டார்கள். அதன்பின் விசாரணைக்காக ஆட்களைக் கூஃபாவிற்கே அனுப்பி வைத்தார்கள். அங்குச் சென்றவர்கள் எந்தப் பள்ளிவாசலையும் விட்டுவிடாமல் ஒவ்வொன்றாகச் சென்று மக்களிடம் கேட்டார்கள். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் பள்ளிவாசலில் ஒரே ஒரு மனிதர் மட்டும் எழுந்து, ஸஅத் அவர்கள் பங்கீட்டிலும் தீர்ப்பிலும் நீதமாக நடப்பதில்லை என்று குற்றம் சாட்டினார். அவருடைய வாயையும் யாரும் பொத்தவில்லை. அவர் சொன்னது பொய் என்பது பின்னர் வெளிப்பட்டது. இந்தச் சம்பவம் ஸஹீஹ் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இதில் நமக்கு எத்தனை பாடங்கள் இருக்கின்றன! புகாருக்கு உள்ளானவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் விசாரணை உண்டு. அவரிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. விசாரணை அதிகாரி தலைநகரில் அமர்ந்து காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் சம்பவ இடத்திற்கே செல்கிறார். ஒரு தரப்பாரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல் எல்லோரிடமும் கேட்கிறார். மாற்றுக் கருத்தும் பதிவாகிறது. விசாரணை நடந்து கொண்டிருந்த காலத்தில் ஆட்சியின் அமைதிக்காக ஸஅத் (ரலி) அவர்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு ஹழ்ரத் அம்மார் (ரலி) அவர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆயினும், தகுதிக் குறைவாலோ நம்பிக்கை மோசடியாலோ தாம் ஸஅதை நீக்கவில்லை என்பதை உமர் (ரலி) அவர்கள் தமது இறுதி வேளையில் வெளிப்படையாக எடுத்துரைத்து, அவருடைய கண்ணியத்தைக் காத்தார்கள்.

பிற்காலத்தில் அதிகாரிகளின் கொடுமைகளைப் பற்றி முறையிடுவதற்கென்றே "மழாலிம்" என்ற தனி மன்றம் முஸ்லிம் ஆட்சிகளில் இருந்தது. இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் தமது "அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா" நூலில் அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியுள்ளார்கள். ஆகவே, பாதிக்கப்பட்டவர் முறையிடுவது மார்க்கத்தில் குற்றமன்று. அது அவரது உரிமை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைவாய்ப்பில் அனைவருக்கும் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எவரையும் அரசுப் பணியில் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்று அது தடை விதிக்கிறது. 311ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, தம் தரப்பைச் சொல்ல உரிய வாய்ப்பு அளிக்காமல் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய இயலாது. சில விதிவிலக்குகள் உண்டெனினும் பொது விதி இதுவே. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 17(அ), 17(ஆ) என்று வழங்கப்படும் நடவடிக்கைகள் உங்களில் பலருக்குத் தெரிந்தவை. சிறு தண்டனைக்கு முன்னது. பெருந் தண்டனைக்குப் பின்னது. பின்னதில் முழுமையான விசாரணை நடந்தாக வேண்டும்.

சட்டம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதற்கு மதுரையில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மதுரை மாநகரக் காவல்துறையில் பணியாற்றிய ஒரு முஸ்லிம் காவலர் 2018ஆம் ஆண்டு 31 நாட்கள் விடுப்பு எடுத்து மக்கா சென்று வந்தார். திரும்பியதும் காலில் ஏற்பட்ட நோய்த்தொற்றின் காரணமாக விடுப்பை நீட்டிக்கக் கேட்டு மேலதிகாரியைச் சந்தித்தார். விடுப்பு நீட்டிக்கப்படவில்லை; மாறாக, அவருடைய தாடி கேள்விக்குள்ளாயிற்று. தாடி வைத்திருந்தது, குறித்த நாளில் பணிக்குத் திரும்பாதது ஆகியவற்றிற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. துறை விசாரணை நடந்தது. மூன்றாண்டுகளுக்கு ஊதிய உயர்வை நிறுத்தித் தண்டனை விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். தண்டனை இரண்டாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதையும் ஏற்காமல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீதியரசர் எல். விக்டோரியா கௌரி அவர்கள் அந்தத் தண்டனையை ரத்து செய்து உத்தரவிட்டார்கள். முஸ்லிம் காவலர்கள் சீராகக் கத்தரிக்கப்பட்ட தாடி வைத்துக்கொள்ள மதராஸ் போலீஸ் கெஜட்டில் ஏற்கெனவே அனுமதி இருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பல்வேறு மதங்களும் பழக்கவழக்கங்களும் நிறைந்த நாடு இது என்பதையும், துறையின் ஒழுங்கு அவசியமெனினும் அதைக் காரணம் காட்டிச் சிறுபான்மையினரைத் தண்டித்துவிடக் கூடாது என்பதையும் எடுத்துரைத்தது. தண்டனை அளவுக்கு மிஞ்சியது என்று கருதி, சட்டப்படி மீண்டும் பரிசீலித்து எட்டு வாரத்திற்குள் தகுந்த உத்தரவு பிறப்பிக்குமாறு காவல் ஆணையருக்கே திருப்பி அனுப்பியது.

இந்த வழக்கைக் கூர்ந்து கவனியுங்கள். அவருக்குக் கை கொடுத்தது எது? கூட்டமா? முழக்கமா? இல்லை. துறையின் பழைய விதி ஒன்று கை கொடுத்தது. அவர் வரிசையாக எடுத்து வைத்த காகிதங்கள் கை கொடுத்தன. குறிப்பாணைக்கு விளக்கம், விசாரணை, மேல்முறையீடு, அதன்பின் நீதிமன்றம் என்று ஒரு படியையும் தாண்டாமல் ஏறினார். 2018இல் தொடங்கியதற்கு 2024இல்தான் உத்தரவு கிடைத்தது. நீதி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் படி தவறியிருந்தால் வந்தே இருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் அமானிதம். தாடி வைத்ததற்காக 2008ஆம் ஆண்டு விமானப்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு முஸ்லிம் வீரரின் வழக்கில், 2016ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆயுதப்படைகளின் ஒழுங்கிற்கும் சீரான தோற்றத்திற்கும் நீதிமன்றம் முக்கியத்துவம் கொடுத்தது. விமானப்படையின் விதி, மதத்தால் முடி வெட்டவோ மழிக்கவோ தடை செய்யப்பட்டவர்களுக்கே விலக்கு அளிக்கிறது. மனுதாரர் அத்தகையவர் என்று நிறுவும் ஆதாரம் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஒரே தாடிதான், மதுரையில் ஒரு முடிவு, தில்லியில் ஒரு முடிவு. காரணம், இரண்டு துறைகளின் விதிகளும் வேறு. வைக்கப்பட்ட ஆதாரங்களும் வேறு. எனவே, "அங்கே ஒருவருக்குக் கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்" என்று எண்ணிக்கொண்டு எவரும் அவசரப்படலாகாது. உங்கள் துறையின் விதி என்ன என்பதை முதலில் படியுங்கள்.

பாரபட்சம் என்பதை எப்படிக் கண்டறிவது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் நியூவர்க் நகரில் நடந்த வழக்கு நல்ல விடை தருகிறது. அந்நகரக் காவல்துறையில் தாடிக்குத் தடை இருந்தது. ஆனால் சவரம் செய்தால் தோல் நோய் உண்டாகும் காவலர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இரண்டு முஸ்லிம் காவலர்கள் மார்க்கக் காரணத்திற்காக அதே விலக்கைக் கேட்டபோது மறுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், நோய்க்காக விலக்கு அளிக்கும் துறை சமய நம்பிக்கைக்காக மறுப்பதற்குத் தகுந்த காரணம் காட்டவில்லை என்று கூறி, அந்த முஸ்லிம் காவலர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாருங்கள், நீதிமன்றம் கேட்ட கேள்வி மிக எளிமையானது: அதே நிலையில் உள்ள மற்றொருவரை எப்படி நடத்தினீர்கள்? பாரபட்சப் புகார் எதுவானாலும் அதன் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

ஒருவர் ஜும்ஆவிற்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டதாகச் சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அதே அலுவலகத்தில் மற்றவர்களுக்குக் கோயில் திருவிழாவிற்கோ சொந்த வேலைக்கோ சற்று நேர அனுமதி வழங்கப்படுகிறதா? வழங்கப்பட்டால், இவருக்கு மட்டும் மறுத்ததற்குக் காரணம் என்ன? ஒருவேளை அன்று எல்லோருடைய அனுமதியும் மறுக்கப்பட்டிருந்தால் அது வேலைப் பளுவின் காரணமாக இருக்கலாம். ஒருவருக்கு மாறுதல் வந்தால், அவரைப் போல் அத்தனை ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்த பிறருக்கும் வந்ததா? இவற்றையெல்லாம் பார்க்காமல் பாரபட்சம் என்று முத்திரை குத்துவது தீர விசாரிக்கும் முறையாகாது.

எண்ணிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டு நவம்பரில் நீதியரசர் ராஜேந்திர சச்சார் குழுவின் அறிக்கை வெளிவந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டு மக்களில் 13.4 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.எஃப்.எஸ். எனும் வெளியுறவுப் பணியில் 1.8 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம், ரயில்வேயில் 4.5 சதவீதம் மட்டுமே இருந்ததை அக்குழு வெளிப்படுத்தியது. இந்த எண்களை நம் மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் குடிமைப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் பங்கேற்றவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம்தான், அவ்வாறு பங்கேற்றவர்களின் வெற்றி விகிதமோ மற்றவர்களின் விகிதத்திற்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. இதை ஏன் நாம் மேடையில் சொல்வதில்லை? குறைந்த எண்ணிக்கை விசாரணையைத் தொடங்குவதற்கு ஒரு காரணம், அதுவே தீர்ப்பாகிவிடாது. நம் பிள்ளைகளைத் தேர்வுக்கூடம் வரை அனுப்புவது நம்முடைய பொறுப்பு. அங்கே நீதி கிடைக்கிறதா என்று பார்ப்பது அரசின் பொறுப்பு.

சச்சார் குழு முன்வைத்த பரிந்துரைகளில் முக்கியமானது சம வாய்ப்பு ஆணையம். பாரபட்சப் புகார்களை விசாரிப்பதற்கென்றே சட்டப்படியான ஓர் அமைப்பு வேண்டும் என்றது. அதை ஆராய அமைக்கப்பட்ட பேராசிரியர் மாதவ மேனன் அவர்களின் நிபுணர் குழுவும் 2008இல் அறிக்கை அளித்தது. ஆயினும் அத்தகைய ஆணையம் இன்றுவரை அமையவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் 1965 முதல் அப்படியோர் ஆணையம் இயங்குகிறது. அங்கே மத்திய அரசு ஊழியர் ஒருவர் பாரபட்சத்திற்கு ஆளானால் 45 நாட்களுக்குள் துறையின் ஆலோசகரை அணுக வேண்டும். சமரசம் ஏற்படாவிட்டால் முறையான புகார் பதிவாகும். பொதுவாக 180 நாட்களுக்குள் விசாரணை முடிக்கப்பட வேண்டும். புகார் கொடுத்ததற்காக ஊழியரைப் பழிவாங்குவது தனிக் குற்றமாகவே கருதப்படுகிறது. பழிவாங்கல் பற்றிய இந்த அம்சம் மிக முக்கியமானது. ஏனெனில், ஊழியர்கள் வாய் திறவாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அந்த அச்சமே காரணம்.

நம் நாட்டில் எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரே கதவு இல்லாவிட்டாலும் தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய சிறுபான்மையினர் ஆணையம் உரிமை பறிக்கப்பட்டதாக வரும் குறிப்பான புகார்களை ஆராயலாம். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 முதல் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையம் இருக்கிறது; 2010ஆம் ஆண்டு அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. இந்த ஆணையங்கள் பரிந்துரை செய்யும். நீதிமன்றம் போல் தீர்ப்பளித்து நிறைவேற்றா. தாழ்த்தப்பட்டோர் ஆணையத்திற்கும் இதுபோன்ற விசாரணை அதிகாரங்களை அரசமைப்புச் சட்டமே வழங்கியுள்ளது. மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்கள் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல பாதுகாப்பைத் தந்துள்ளது. ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகார்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்திற்குள் விசாரிக்க வேண்டும். இச்செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஓர் அரசுத் திட்டப் பணியாளர் 1992இல் கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாக எழுந்த விசாகா வழக்கில் 1997இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது சட்டமாயிற்று. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மூத்த பெண் அலுவலர் ஒருவர் குழுவிற்குத் தலைமை வகிப்பார். குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள். வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் இருப்பார். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடக்கூடாது. அந்தச் சட்டத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்த ஓர் அம்சம் உண்டு. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு. ஆனால் புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய் என்று கொள்ளலாகாது. நிரூபிக்க இயலாமை வேறு, பொய் வேறு. வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் முறையிட்டால், "நீ ஏன் வேலைக்குப் போனாய்?" என்று கேட்டு அவர்களை வாயடைக்கச் செய்யாதீர்கள். அநீதி இழைக்கப்பட்டவருடைய துஆவிற்கும் அல்லாஹ்விற்கும் இடையே திரையில்லை என்ற நபிமொழியை நினைவில் கொள்ளுங்கள்.

கண்ணியமிக்கவர்களே! இதுவரை நமக்கு அநீதி இழைக்கப்பட்டால் என்ன செய்வது என்று பார்த்தோம். நம்மவர் அநீதி இழைத்தால்? மதீனாவில் நடந்த சம்பவம் ஒன்றைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. முஸ்லிம் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஒரு கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டார். அவருடைய குலத்தார் திரண்டு வந்து நபி (ஸல்) அவர்களிடம் தம் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போது சூரத்துந் நிஸாவின் நூற்று ஐந்தாவது வசனம் முதலான வசனங்கள் இறங்கின. மோசடிக்காரர்களுக்காக வாதாடக் கூடாது என்ற கட்டளை வந்தது. யூதர் நிரபராதி என்பது வெளிப்பட்டது. நம்மவர் என்பதற்காக வாதாடுவதற்கு இதைவிடக் கடுமையான தடை வேறென்ன வேண்டும்?

ஆகவே, அரசு அலுவலகத்தில் அதிகாரியாக இருக்கும் நம்மவர் ஒருவர் தமக்குக் கீழுள்ள தாழ்த்தப்பட்ட வகுப்பு ஊழியரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால், நாம் அந்த ஊழியரின் பக்கமே நிற்க வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அது ஜாஹிலிய்யத்தின் குணம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அதேபோல் வேலைக்கு ஒழுங்காக வராத ஒருவருக்கு மெமோ வந்தால், அதை மதப் பாரபட்சம் என்று சொல்லி ஜமாஅத்தை இழுக்க வேண்டாம். அது உண்மையாகப் பாதிக்கப்பட்ட நூறு பேரின் குரலைச் செல்லாக்காசாக்கிவிடும்.

நம் செஞ்சிச் சீமையின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். 1714ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையோடு ராஜா தேசிங்கு போரிட்டபோது, அவருக்காக உயிர் கொடுத்தவர் அவருடைய தோழர் மகபத்கான் என்று இந்த வட்டாரத்து மக்கள் இன்றும் பாடுகிறார்கள். கோட்டைக்குள் சஆதத்துல்லா கான் பெயரிலேயே பள்ளிவாசலும் நிற்கிறது. எதிர்த்து நின்றவர் நம்மவர், துணை நின்றவரும் நம்மவர். மக்கள் நினைவில் நிலைத்தது வாக்குத் தவறாத விசுவாசம்தான். அலுவலகத்தில் நம் பிள்ளைகளும் அப்படிப் பெயரெடுக்க வேண்டும். கடமையில் குறை வைக்காதவனின் புகாருக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி, நடைமுறையில் செய்ய வேண்டியவை. ஊழியராக இருப்பவர்கள் முதலில் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். யார் சொன்னார், என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்பதை அன்றே எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்தாமல் எழுத்தில் விண்ணப்பித்து, நகலில் பெறுகைக் கையொப்பம் வாங்குங்கள். குறிப்பாணை வந்தால் கொதிப்போடு பதில் எழுதாதீர்கள். கெடுவிற்குள் நிதானமாக எழுதுங்கள். பிறரை எப்படி நடத்தினார்கள் என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு செய்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டில் இனச்சுழற்சி முறையாகப் பின்பற்றப்பட்டதா என்பதையும் அவ்வழியே கேட்டறியலாம்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கும் ஒரு வேண்டுகோள். ஊழியருக்காகக் கூட்டமாகச் சென்று அதிகாரியின் அறை முன் நிற்காதீர்கள். வெளியார் செல்வாக்கைக் கொண்டு மேலதிகாரியை வற்புறுத்துவதை அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. நீங்கள் உதவி என்று எண்ணிச் செய்வது அவர் மீதே மற்றொரு குற்றச்சாட்டாக முடியலாம். அதற்குப் பதிலாக, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் இருவர், வழக்கறிஞர் ஒருவர், படித்த சகோதரி ஒருவர் என நான்கு பேரைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமையுங்கள். முறையிடுபவரின் செய்தியை அமானிதமாகக் காத்து, ஆவணங்களைப் பார்த்து, புகார் நியாயமானதா என்று முதலில் தாங்களே சீர்தூக்கி, மனு எழுதவும் சரியான கதவைக் காட்டவும் அந்தக் குழு உதவட்டும். நியாயமில்லை என்றால் முகத்திற்கு நேரே சொல்லட்டும். அதுவும் உதவியே. அநீதி இழைக்கும் சகோதரனைத் தடுப்பதும் அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்களே!

இறுதியாக, நம் வீட்டையும் பார்ப்போம். இந்தப் பள்ளிவாசலில் பணிபுரியும் முஅத்தினுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு குறை இருந்தால் அதை யாரிடம் சொல்வது? அவர்கள் சொன்னால் கேட்கும் செவி நம்மிடம் இருக்கிறதா? அரசிடம் நாம் எதிர்பார்க்கும் விசாரணையை நம் நிர்வாகத்திலும் முதலில் நிலைநாட்டுவோம். மேற்சொன்ன குழு அவர்களுடைய முறையீட்டையும் கேட்கட்டும்.

யா அல்லாஹ்! அநீதி இழைப்பவர்களாகவும் அநீதிக்குத் துணை போகிறவர்களாகவும் எங்களை ஆக்கிவிடாதே! அநீதிக்கு உள்ளானவர்களுக்குப் பொறுமையையும் நீதியையும் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளை நேர்மையான ஊழியர்களாகவும், இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பயனுள்ளவர்களாகவும் ஆக்கியருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.